‘காலிப் பயல்கள்’ என்று சொன்னால் தீர்ந்ததா?

பதினாலு வயதிலிருந்து பதினெட்டு வயது வரை உள்ள பையன்களைப் பற்றி இன்று ஊர்தோறும் ஒரே புகார்தான். பள்ளிக்கூடம் போவதில்லை, போனாலும் பாடத்தைக் கவனிப்பதில்லை. தலைமுடியை ஒரு தினுசாக வெட்டிக்கொள்கிறார்கள். மூன்று பேர் ஒரே மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொண்டு சந்தைக் கூட்டத்துக்குள் பறக்கிறார்கள். பெரியவர்களை மதிப்பதில்லை. கூட்டம் சேர்ந்தால் அடிதடி. பாலசமுத்திரத்திலும் இதே பேச்சு. பழனியிலும் ஆயக்குடியிலும் நெய்க்காரப்பட்டியிலும் இதே பேச்சு. பேச்சு முடிகிற இடமும் ஒன்றுதான்: “அவனுக எல்லாம் காலிப் பயலுகளுங்க. போலீஸ்ல புடிச்சுக் குடுத்து நாலு சாத்து சாத்துனாத்தான் சரிப்படும்.”

இப்படிச் சொல்கிறவர்கள் நமக்கு விரோதிகள் அல்லர். பகலெல்லாம் கரும்புக் காட்டில் நின்றவர்கள், தென்னந்தோப்பில் கூலி வேலை பார்த்தவர்கள், நூற்பாலையில் இரவு ஷிப்ட் முடித்துக் கண் எரிய வந்தவர்கள். அவர்களுடைய கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் ஒரு கேள்வி. அந்தக் ‘காலிப் பயல்’ யார் வீட்டுப் பிள்ளை? ஆலை முதலாளியின் பிள்ளையா? நூறு ஏக்கர் தோப்புக்காரரின் பிள்ளையா? அந்த வீட்டுப் பிள்ளை தப்புச் செய்தால் அதற்கு ‘வயசுக் கோளாறு’ என்று பெயர்; வெளியூர் விடுதிப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். நம் பிள்ளை செய்தால்தான் அது ‘காலித்தனம்’. அவனுக்குத்தான் போலீஸ் தடி. ஆகவே, நம் பிள்ளையைப் பற்றி நாமே இந்தத் தீர்ப்பை எழுதிக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், விஷயத்தைக் கொஞ்சம் ஆராய்ந்து பார்ப்பது அவசியம்.

ஆராய்ச்சியை அந்தப் பையன்களின் செல்போனிலிருந்தே தொடங்கலாம். அதில் அவர்கள் விழுந்து விழுந்து பார்க்கிற கதைகள் சில ஜப்பானிலிருந்து வருகின்றன.

சித்திரக் கதையில் ஒரு கூட்டம்

ஜப்பானில் சித்திரக் கதைக்கு ‘மாங்கா’ என்று பெயர். நம் மலையடிவாரத்துத் தோப்பில் காய்க்கிற மாங்காய் அல்ல. வாராவாரம் பத்திரிகையில் தொடராக வரும். ஜனங்களுக்குப் பிடித்துவிட்டால் அதையே அசையும் சித்திரப் படமாகவும் எடுப்பார்கள். இவற்றில் ஒரு ரகம், பள்ளி வயதுப் போக்கிரிப் பையன்களைப் பற்றியது. கென் வாகுய் என்பவர் 2017 முதல் 2022 வரை தொடராக எழுதி வரைந்த ‘டோக்கியோ ரிவெஞ்சர்ஸ்’ அந்த ரகத்தில் உலகமெங்கும் பேர் வாங்கியது.

கதாநாயகனுக்கு வயது 26. வீடியோ வாடகைக் கடையில் நிரந்தரமில்லாத வேலை. பள்ளி நாளில் பெரிய பையன்களிடம் அடி வாங்கி ஓடியவன். அதன் பிறகு எல்லோரிடமும் தலை குனிந்தே வாழ்கிறவன். ஒரு காலத்தில் அவன் நேசித்த பெண், போக்கிரிக் கூட்டங்களின் மோதலில் சிக்கி மாண்டுவிட்டதாகச் செய்தி வருகிறது. அவனையும் யாரோ ரயில் முன்னால் தள்ளிவிடுகிறார்கள். கண்ணைத் திறந்தால் 12 ஆண்டுகள் பின்னால் போய், மறுபடியும் பள்ளிப் பையனாக நிற்கிறான். இனி நடக்கப் போவதை மாற்ற வேண்டுமானால் அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்தாக வேண்டும். நுழைகிறான்.

அந்தக் கூட்டத்தில் யார் இருக்கிறார்கள்? தலைவன் தாய் தகப்பன் இல்லாதவன், தாத்தா வளர்த்தவன், அண்ணனைப் பறிகொடுத்தவன். துணைத் தலைவன் விபசார விடுதியில் வளர்ந்தவன். இவர்களுக்கு வீடு என்று சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை; பள்ளிக்கூடம் இவர்களைக் கழித்துப் போட்டுவிட்டது. கூட்டத்தில் மட்டும் ஒரு சீருடை உண்டு, ஒரு பேர் உண்டு, ‘இவன் நம்மவன்’ என்று சொல்ல ஆள் உண்டு. இவன் அடிபட்டால் கேட்பதற்கு நூறு பேர் வருவார்கள். அந்த ஒன்றுக்காக மூக்கு உடையவும் தயாராக இருக்கிறார்கள்.

பெரியவர்களுக்கு இதில் சண்டை மட்டும்தான் தெரிகிறது. பையன்களுக்குச் சண்டைக்குப் பின்னால் இருக்கிற அந்த ‘நம்மவன்’ என்ற சொல் கேட்கிறது. பாலசமுத்திரத்துப் பையனுக்கும் டோக்கியோப் பையனுக்கும் பாஷை வேறு, சாப்பாடு வேறு. பசி ஒன்றுதான். ஒரு இடத்தில் தன்னையும் ஒரு ஆளாக எண்ண வேண்டும் என்கிற பசி அது.

ரயிலில் வந்த ‘தங்க முட்டைகள்’

இந்தக் கதைகள் ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை. இவற்றுக்கு ஒரு சரித்திரம் உண்டு. அது நம் ஆலைத் தொழிலாளர்களுக்கு நன்றாகப் புரியக்கூடிய சரித்திரம்.

யுத்தத்தில் நொறுங்கிப் போன ஜப்பானில் 1950களில் ஆலைகள் மறுபடியும் பெருகின. கைகள் போதவில்லை. வடக்கே இருந்த ஏழை விவசாயக் கிராமங்களிலிருந்து, நடுநிலைப் பள்ளியை முடித்த 15 வயதுப் பையன்களையும் பெண்களையும் தனி ரயில் வைத்து டோக்கியோவுக்கு ஏற்றி வந்தார்கள். 1954-இல் தொடங்கிய இந்தக் ‘கூட்டு வேலைவாய்ப்பு’ ரயில்கள் 1970களின் நடுப்பகுதி வரை ஓடின. வடக்கிலிருந்து வருகிறவர்கள் வந்து இறங்கிய ஊஎனோ ரயில் நிலையத்தில் முதலாளிகள் காத்திருந்து, தங்கள் பங்கை எண்ணி அழைத்துப் போனார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அவர்கள் வைத்த செல்லப் பெயர் ‘தங்க முட்டை’. முட்டை யாருக்கு, கோழி யாருக்கு என்று நாம் சொல்லத் தேவையில்லை.

பகலெல்லாம் பட்டறை, இரவில் ஆறு பேர், எட்டுப் பேர் முடங்குகிற விடுதி. ஊர் ஏக்கம் ஒரு பக்கம், ஓவர்சியர் ஏச்சு மறு பக்கம். கையில் மிஞ்சுகிற சில்லறைக்கு என்ன கிடைக்கும்? வாடகைப் புத்தகக் கடை. நம் ஊர்களிலும் ஒரு காலத்தில் முத்து காமிக்ஸும் ராணி காமிக்ஸும் கைக்குக் கை மாறி, அட்டை கிழியும் வரை படிக்கப்பட்டதல்லவா? அதுபோல அங்கே இளம் தொழிலாளர்கள் வாடகைக்கு எடுத்துப் படித்தார்கள். அவர்களுக்கென்றே ஒரு புதிய ரகச் சித்திரக் கதை பிறந்தது. யோஷிஹிரோ தத்சுமி என்ற ஒசாகா வாலிபர் 1957-இல் அதற்கு ‘கெக்கிகா’, அதாவது நாடகச் சித்திரம் என்று தனிப் பெயர் வைத்தார். குழந்தைகளுக்கான வேடிக்கை அல்ல இது என்பது பொருள். பின்னாளில், 1969 வாக்கில், அவர் எழுதிய சிறு கதைகள் பல எட்டே பக்கம்தான். சாக்கடை சுத்தம் செய்கிறவன், ஆலையில் இயந்திரம் ஓட்டுகிறவன், நெரிசலான ரயில் பெட்டிக்குள் ஜனங்களைத் தள்ளி அடைக்கிற கூலிக்காரன் - இவர்கள்தான் அவருடைய நாயகர்கள். பெரும்பாலும் வாய் திறந்து பேசாத நாயகர்கள். பேச வேண்டியதை எல்லாம் படம் பேசிற்று.

1968-இல் ‘நாளைய ஜோ’ வந்தது. அசாவோ தகமோரி எழுதினார். தெத்சுயா சிபா வரைந்தார். ஜோ ஒரு அநாதை. டோக்கியோவில் அன்றாடக் கூலிகள் படுத்து எழுகிற மலிவு விடுதிச் சேரிக்கு வந்து சேருகிறான். பிக்பாக்கெட்டும் ஏமாற்றுமாகத் திரிந்து சிறுவர் சீர்திருத்தச் சிறைக்குப் போகிறான். அங்கேதான் குத்துச் சண்டை அவனுக்குக் கைவருகிறது, ஒரு எதிரி கிடைக்கிறான், எதிரியே நண்பனாகிறான். அந்த நண்பன் கதையில் இறந்தபோது வாசகர்கள் சும்மா இருக்கவில்லை. 1970 மார்ச் 24 அன்று டோக்கியோவில், பத்திரிகை நிறுவனத்தின் கட்டடத்திலேயே, ஏறத்தாழ 700 பேர் கூடி அந்தக் கற்பனை மனிதனுக்கு உண்மையான ஈமச் சடங்கு நடத்தினார்கள். காகிதத்தில் வரைந்த ஒரு முகத்துக்காக மாணவரும் தொழிலாளரும் ஊதுவத்தி ஏற்றினார்கள் என்றால், அந்த முகத்தில் அவர்கள் தங்கள் முகத்தைப் பார்த்தார்கள் என்பதுதான் அர்த்தம்.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. அதே மார்ச் 31 அன்று, ‘செம்படைப் பிரிவு’ என்று தங்களை அழைத்துக்கொண்ட வாலிபர் ஒன்பது பேர் பிரயாணிகள் நிறைந்த ஒரு விமானத்தைக் கடத்திப் போனார்கள். தாங்களே ‘நாளைய ஜோ’ என்று அறிக்கையும் விட்டார்கள். தொழிலாளி மக்களோடு ஒட்டாமல், ஆலை வாசலில் நிற்காமல், நாலு பேர் சேர்ந்து வீரதீரம் காட்டினால் உலகம் மாறிவிடும் என்று எண்ணியவர்கள் அவர்கள். உலகம் மாறவில்லை. அடுத்த பத்தாண்டில் ஜப்பானியத் தெருக்களில் மோட்டார் சைக்கிள் கூட்டங்கள் பெருகின. 1982-இல் போலீஸ் கணக்குப்படி அவற்றில் 42 ஆயிரத்துக்கும் அதிகமான பையன்கள் இருந்தார்கள். தேசம் பணக்கார தேசமாகிவிட்டது. பையனுக்கு மட்டும் அதில் ஒரு நாற்காலி கிடைக்கவில்லை.

பதினாலு வயதில் கை விடுகிற சட்டம்

ஜப்பானைப் பார்த்தோம்; இனி நம் அடுப்படிக்கு வருவோம்.

நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரைதான் பொருந்தும். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-இல் திருத்தினார்கள். 14 வயதுக்குக் கீழே வேலை வைக்கக் கூடாது என்றார்கள். குடும்பத் தொழில் என்ற பெயரில் அதிலும் ஒரு சந்து விட்டார்கள். 14 முதல் 18 வரை அபாயகரமான தொழில்களில் மட்டும்தான் தடை. அதாவது, பதினாலு வயது நிறைந்த அன்று, படிக்க வைக்கும் கட்டாயத்திலிருந்து சர்க்கார் கை கழுவிக்கொள்கிறது. அன்றே கூலிச் சந்தையின் கதவு திறக்கிறது. ஓட்டுப் போட வயது இல்லை. முழுக் கூலி கேட்டால் ‘சின்னப் பயல்’. தப்புச் செய்தால் மட்டும் ‘பெரிய ஆள்’. இந்த நாலு வருஷம் யாருக்கும் சொந்தமில்லாத வருஷம்.

இந்த நாலு வருஷத்தில் ஒரே வீட்டின் அண்ணனும் தங்கையும் எங்கே போகிறார்கள் என்று பாருங்கள். திண்டுக்கல், கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் நூற்பாலைகள் பலவற்றில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று ஒன்று நடந்ததை நம் வாசகர்கள் அறிவார்கள். மூன்று வருஷ ஒப்பந்தம், ஆலைக்குள்ளேயே விடுதி, வெளியே போக அனுமதி இல்லை, முடிவில் கல்யாணச் செலவுக்கு என்று ஒரு மொத்தத் தொகை. வரதட்சணையை 1961-லேயே சட்டம் தடை செய்தது; அந்த வரதட்சணையின் பெயராலேயே பெண்ணின் கூலியைப் பிடித்து வைத்தார்கள். திட்டத்தின் பெயர் மாறிற்று; விடுதியில் அடைத்து வேலை வாங்குகிற முறை மறைந்தபாடில்லை. ஆக, தங்கை பஞ்சுத் தூசியில் அடைபட்டுக் கிடக்கிறாள். அண்ணன் தெருவில் அவிழ்த்துவிடப்பட்டுக் கிடக்கிறான். இவளைப் பற்றி ஊர் பேசுவதில்லை, கண்ணுக்குத் தெரியாததால். அவனைப் பற்றி மட்டும் ஊர் பேசுகிறது, கண்ணை உறுத்துவதால். இரண்டும் ஒரே வறுமையின் இரண்டு கிளைகள்.

மணிக்கட்டில் கட்டுகிற கயிறு

இப்படித் தெருவில் நிற்கிற பையனுக்கு ‘நம்மவன்’ என்று சொல்ல இங்கே யார் வருகிறார்கள்? ஜப்பானியக் கதையில் வருகிற பையன்கள் தாங்களே கூடித் தங்கள் கூட்டத்தைச் செய்துகொள்கிறார்கள். நம் நாட்டில் அந்தச் சிரமமும் இல்லை. கூட்டம் தயாராக இருக்கிறது. அதற்கு ஜாதி என்று பெயர். சீருடைக்குப் பதிலாக மணிக்கட்டில் ஒரு கலர்க் கயிறு. பையனுடைய பேர் தெரியாத பெரிய மனிதர்கள் கூட அந்தக் கலரைப் பார்த்ததும் முதுகில் தட்டிக் கொடுக்கிறார்கள். திருவிழாவுக்கு ஒரு பனியன், ஊர்வலத்துக்கு ஒரு மோட்டார் சைக்கிள், பெட்ரோலுக்குப் பணம். பையன் நெஞ்சை நிமிர்த்துகிறான். முதல் முறையாகத் தன்னை ஒருவர் ஆளாக மதித்தார் என்று நம்புகிறான்.

இது எங்கே கொண்டுபோய் விடுகிறது? 2023 ஆகஸ்ட் 9 இரவு, நெல்லை மாவட்டம் நாங்குநேரியில், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க ஓடி வந்த தங்கைக்கும் வெட்டு. பிடிபட்டவர்கள் யார்? கூலிப்படை அல்ல, அவனோடு படித்த பையன்கள். தனக்கு நேர்ந்த தொந்தரவைப் பள்ளிக்கூடத்தில் சொன்னான் என்பதே அவன் செய்த குற்றம். பதினேழு வயதுப் பையன் கையில் அரிவாள் வந்தது எப்படி? இரும்பு கடையில் கிடைக்கும். அதை ஓங்குகிற துணிச்சலை எந்தக் கடையில் விற்றார்கள்? நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

இதன் பின் தமிழ்நாடு சர்க்கார், ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு அவர்களைக் கொண்டு ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். கயிறும் மோதிரமும் நெற்றி அடையாளமும் பள்ளிக்குள் கூடாது என்றார். ஜாதிக் கலர் பூசிய சைக்கிள் கூடாது என்றார். பள்ளிகளின் பெயரிலிருந்து ஜாதிச் சொல்லை எடுக்கச் சொன்னார். நம் கவனத்துக்கு உரிய இன்னொன்றும் அதில் உண்டு: எல்லா ஜாதி மாணவர்களும் சேர்ந்த ‘சமூக நீதி மாணவர் படை’ ஒன்றை, சீருடையும் பயிற்சியுமாக, உண்டாக்கச் சொன்னார். பையன் ஒரு சீருடைக்கும் ஒரு அணிக்கும் ஏங்குகிறான் என்பதை அந்த அறிக்கை உணர்ந்திருக்கிறது. கயிற்றை அறுத்தால் மட்டும் போதாது. அறுத்த கைக்குப் பிடித்துக்கொள்ள வேறொரு கை வேண்டும்.

பிறக்கும் முன்பே எழுதிய குற்றப் பத்திரிகை

“வறுமை என்று சொல்லி வெட்டுக் குத்தை நியாயப்படுத்துகிறீர்களா?” என்று சிலர் கேட்பார்கள். இல்லை. நாங்குநேரியில் வெட்டுப்பட்ட பிள்ளையும் ஏழை வீட்டுப் பிள்ளைதான். அவன் அரிவாள் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்து அடுத்த வருஷம் பரீட்சை எழுதித் தேறினான். வறுமை எல்லாரையும் வெட்டச் சொல்வதில்லை. வெட்டியவன் வெட்டியதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். நாம் சொல்வது வேறு: செய்த காரியத்துக்குத் தண்டனை கொடு, பிறந்த தெருவுக்கும் வெட்டிய கிராப்புக்கும் தண்டனை கொடுக்காதே.

ஏனெனில், அப்படிக் கொடுத்த சரித்திரம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. வெள்ளைக்காரன் 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தான். ஒரு ஜாதியில் பிறந்ததாலேயே பிள்ளை குற்றவாளி. பின்னாளில் கைரேகை பதிய வேண்டும், இரவில் போலீசுக்கு ஆஜர் சொல்ல வேண்டும் என்றும் ஆயிற்று. மறுத்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு. 16 பேர் மாண்டார்கள். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அதே 1920-இல்தான் சென்னை மாகாணம் இந்தியாவிலேயே முதலாவதாகக் குழந்தைகள் சட்டம் இயற்றியது. சிறுவனைச் சிறையில் போடாதே, சீர்திருத்து என்றது. ஒரே சர்க்கார், ஒரே வருஷம். ஒரு கையில் சீர்திருத்தப் பள்ளி. மறு கையில் துப்பாக்கி. எந்தக் கை யார் பிள்ளைக்கு என்பதைப் பிறப்பு தீர்மானித்தது. அந்தக் குற்றப் பரம்பரைச் சட்டம் நாடு முழுவதும் ஒழிந்தது 1952-இல்தான். அப்படி முத்திரை குத்தப்பட்ட ஜனங்களின் பேரன்களும், தீண்டாமை முத்திரை குத்தப்பட்ட ஜனங்களின் பேரன்களும் இன்று ஒருவர் கழுத்தை ஒருவர் பார்க்கிறார்கள் என்றால், முத்திரை குத்தியவர்களின் வாரிசுகளுக்கு அதைவிட ஆனந்தம் என்ன வேண்டும்?

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது? 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 16 முதல் 18 வயது வரை உள்ளவர்கள் கொடிய குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்டால், ஆராய்ந்து பார்த்துப் பெரியவர்களைப் போல விசாரிக்க இடம் கொடுத்துவிட்டது. இது பின்னோக்கிய அடி என்பது நம் அபிப்பிராயம். ஆனால் அதே சட்டத்தில், ஏழைத் தாய் தகப்பன் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய சங்கதிகளும் உண்டு. 18 வயது நிறையாத பிள்ளையைப் போலீஸ் லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அந்தக் குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூக சேவகர்களும் இருப்பார்கள். இருவரில் ஒருவராவது பெண். இலவச வக்கீல் உதவி பிள்ளையின் உரிமை. இன்னொன்றும் சொல்கிறது: அந்த நடவடிக்கைகளில் பிள்ளையைக் குற்றம் சாட்டிப் பழிக்கிற சொற்களை உபயோகிக்கவே கூடாது. அதாவது ‘காலிப் பயல்’ என்ற சொல்லைச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. டீக்கடையில் நாம் தாராளமாக உபயோகிக்கிறோம்.

சித்திரக் கதை சொல்லாத பாதி

அப்படியானால் அந்தச் சித்திரக் கதைகளைப் பையன்கள் பார்க்கட்டுமா? பார்க்கட்டும். பிடுங்கி எறிவதில் பயனில்லை. ஆனால் கதை சொல்லாத பாதியையும் அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

கதையில் ஒரு ஏழைப் பையன் கூட்டம் இன்னொரு ஏழைப் பையன் கூட்டத்தோடு மோதுகிறது. ரத்தம் சொட்டச் சொட்ட மோதுகிறது. அந்தப் பையனுடைய தாத்தாவுக்கு ஏன் ஓய்வில்லை, அந்தக் கதாநாயகனுக்கு 26 வயதில் ஏன் நிரந்தர வேலை இல்லை என்று எந்தக் கூட்டமும் கேட்பதில்லை. முதலாளி படத்துக்குள்ளேயே வருவதில்லை. கட்டத்துக்கு வெளியே சௌக்கியமாக உட்கார்ந்திருக்கிறான். பெண் வருகிறாள், ஆனால் காப்பாற்றப்பட வேண்டியவளாகவே வருகிறாள். நம் ஆலை விடுதிப் பெண்களைக் காப்பாற்ற எவனும் ரயிலுக்கு முன் விழுந்து பின்னோக்கிப் போகத் தேவையில்லை. அவர்களோடு சேர்ந்து நின்றால் போதும். காப்பாற்றிக்கொள்ள அவர்களுக்கே தெரியும். மேலும், கதாநாயகன் தப்பைத் திருத்தப் பன்னிரண்டு வருஷம் பின்னே போகிறான். நமக்கு அந்த வசதி கிடையாது. பதினாலு வயதில் செய்ய வேண்டியதைப் பதினாலு வயதிலேயே செய்தாக வேண்டும்.

சண்டையே கூடாது என்று நாம் உபதேசம் செய்யவில்லை. யாரோடு, யாருக்காக என்பதே கேள்வி. கோவை சின்னியம்பாளையத்துச் சரித்திரம் இதற்குச் சாட்சி. அங்கே ஆலைச் சங்கத்தை உடைக்க நிர்வாகத்தின் தரப்பில் ரௌடிகள் ஏவப்பட்டார்கள். பெண் தொழிலாளியையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. அதைத் தொடர்ந்த மோதலில் ரௌடி ஒருவன் மாண்ட வழக்கில், இராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் என்ற நாலு ஆலைத் தொழிலாளி வாலிபர்கள் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். யோசித்துப் பாருங்கள். அந்த ரௌடியும் மில் துரை வீட்டுப் பிள்ளை அல்ல. இரண்டு பக்கமும் உழைப்பாளி ஜனங்களின் பிள்ளைகள்தான். ஒரு பக்கத்துக்கு முதலாளி கூலி கொடுத்து ‘நம்மாள்’ என்றான். மறுபக்கத்துக்குச் சங்கம் கை கொடுத்துத் ‘தோழர்’ என்றது. முதல் சொல் கூலி நிற்கிற அன்றே தீர்ந்து போயிற்று. இரண்டாவது சொல் தூக்குமரத்தின் அடியிலும் தீரவில்லை.

செய்ய வேண்டியது

பேச்சோடு நிற்கலாகாது. ஊரில் உடனே செய்யக்கூடிய காரியங்கள் உண்டு.

முதலாவது, நூலகம். 1948-லேயே இந்த மாகாணம் நாட்டுக்கு வழிகாட்டியாகப் பொது நூலகச் சட்டம் இயற்றியது. அன்று முதல் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வசூலாகிறது. குடிசைக்கு வரி கட்டுகிறவனும் அதைக் கட்டுகிறான். ஆகவே, கூலி வேலை முடித்து வருகிற பையன் வரக்கூடிய நேரத்தில், இரவு எட்டு மணி வரையாவது அது திறந்திருக்க வேண்டும் என்று கேட்பது பிச்சை அல்ல. நம் காசுக்குக் கணக்குக் கேட்பது. அங்கே சித்திரக் கதைப் புத்தகமும் இருக்கட்டும். அதைப் படிக்க வருகிறவன் அடுத்த அலமாரிக்கும் கை நீட்டுவான்.

இரண்டாவது, மைதானம். எல்லாத் தெருப் பையன்களும் ஒரே அணியில் கபடி ஆடக்கூடிய மைதானம். தெருவுக்கு ஒரு அணி என்றால் அது கயிற்றுக் கட்சியின் இன்னொரு ரூபமாகிவிடும். அணியைக் கலந்து பிரியுங்கள். ஒரே பானையில் தண்ணீர் குடிக்கட்டும்.

மூன்றாவது, கூலி. தோப்பிலும் கடையிலும் பட்டறையிலும் பதினாறு, பதினேழு வயதுப் பையன் பெரியவனோடு சமமாகச் சுமந்தால், சமமாகக் கூலி கொடு என்று கேட்க வேண்டியவர்கள் பெரியவர்கள்தான். ‘சின்னப் பயல் கூலி’ என்று ஒன்றை அனுமதித்தால் நாளை அதுவே பெரியவன் கூலியையும் கீழே இழுக்கும்.

நாலாவது, சங்கம். விவசாயத் தொழிலாளர் சங்கமும் ஆலைச் சங்கமும் வாலிபர் அமைப்புகளும் தங்கள் கதவை இந்தப் பையன்களுக்கும், விடுதியில் இருக்கிற பெண்களுக்கும் அகலத் திறக்க வேண்டும். கொடி கட்டவும் போஸ்டர் ஒட்டவும் மட்டும் கூப்பிட்டால் அவர்கள் வர மாட்டார்கள்; வந்தாலும் நிற்க மாட்டார்கள். பேசவிட வேண்டும். மோட்டார் சைக்கிள் ரிப்பேர் தெரிந்தவனுக்கும், செல்போனில் பத்து மனுக்களை ஒரு நொடியில் அனுப்பத் தெரிந்தவனுக்கும் பொறுப்புக் கொடுக்க வேண்டும். கிராப்பைப் பார்த்து முகம் சுளிக்கிற சங்கத்துக்கு நாளை கிராப்பே மிஞ்சாது. நரைத்த தலைகள் மட்டுமே மிஞ்சும்.

ஐந்தாவது, நம் வீடு. பிள்ளை கையில் கலர்க் கயிற்றைக் கண்டால் அடிக்காதீர்கள். யார் கட்டினார்கள் என்று விசாரியுங்கள். கட்டியவர் வீட்டுப் பிள்ளை எந்த ஊரில், எந்தப் படிப்புப் படிக்கிறான் என்றும் சேர்த்து விசாரியுங்கள். பதில் கிடைத்தால் அதைப் பிள்ளையிடம் சொல்லுங்கள். பெரிய உபதேசத்தைவிட அந்த ஒரு பதில் அதிகம் வேலை செய்யும்.

உழைப்பாளி மக்களே! நம் பையன்கள் கூட்டம் சேரத்தான் செய்வார்கள். பதினாறு வயது தனியாக நிற்கிற வயது அல்ல. அந்தக் கூட்டத்தின் தலைமாட்டில் ஜாதித் தலைவன் நிற்கப் போகிறானா, சாராய வியாபாரி நிற்கப் போகிறானா, அல்லது அவர்களைப் பெற்ற உழைக்கும் ஜனங்கள் நிற்கப் போகிறோமா என்பதுதான் கேள்வி. போலீஸ் தடிக்கு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும், அதையும் அவன் கயிற்றுக்குக் கையை நீட்டுவதற்கு முன்னால்.